பிள்ளை விட்டுப்போன பால்

எங்கள் முதல் பிள்ளை பிறந்த வாரமே செத்துப்போனது. ஒரகடம் பக்கம் கம்பெனி எதுவும் வராத காலம். சேரப்பணஞ்சேரியில் அடைமழை. பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள், எனக்குப் பால் மட்டும் நிற்கவில்லை. மார்பு கல்லாகி ஜுரம் வந்துவிட்டது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். அந்த மழையில் மல்லிகைக்கு எங்கே போவது? என் வீட்டுக்காரர் படப்பை வரை சைக்கிள் மிதித்து வெறுங்கையோடு திரும்பினார்.

பிழிந்து செடியில் ஊற்றச் சொன்னார் மாமியார். பிள்ளைக்கு வந்ததை மண்ணில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. தொட்டாலே உயிர் போகிற வலி வேறு. என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். சிலுவை போட்டுக்கொண்டார். பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே குடித்தார். செத்த பிள்ளைக்காக நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதது அப்போதுதான். அதில் அசிங்கம் என்ன இருக்கிறது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்த நாத்தனார் நேராகப் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

"பால் குட்ச்சவன் புள்ளடா. இனிமே அவ உனக்கு ஆத்தா மொற. அவகூட எப்டிக் குடும்பம் நடத்துவ?" என்று மகனைக் கேட்டார் மாமியார். மணிமங்கலத்திலிருந்து என் அண்ணனை வரவழைத்து, என் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் அந்த மூட்டையைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தார். "நான் அவளுக்குப் புள்ளன்னா உனக்குப் பேரன் ஆவுறேன். பேரன் ஆத்தாவக் கேட்டா இல்லன்னுவியா? அவ இங்கியே இருக்கட்டும்."

அண்ணன் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை. "ஊருல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா?"

"நீ சொல்லாம ஊருக்கு எப்டிம்மா தெரியும்?"

மாமியார் இறங்கி வரவில்லை. அதே தெருவில் ஒரு குடிசை பிடித்துத் தனி அடுப்பு வைத்தோம். கிணற்றடியில் பெண்கள் விடவில்லை. "இன்னா, உன் புள்ள வேலைக்குப் போயிட்டானா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஒருத்தியும் வாய் திறந்ததில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த பிள்ளை பிறந்ததும் மாமியார் வந்து கையை நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன், பேச்சுக் கொடுக்கவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இதையும் ஒரு பாவமாகச் சொன்னேன். "அவங்கள மன்னிச்சிடும்மா" என்றார் சாமியார்.

"இன்னும் முடியல சாமி" என்றேன். போன மாசமும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன்.