இரண்டு நாள் இடைவெளி

சான்டா கிளாராவில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஆண்டில், தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்குக் கட்டுரை கேட்டனர். பழந்தமிழ் பற்றி எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பர். நான் ஓர் அமெரிக்க இதழாளரைத் தேர்ந்தேன். இப்பகுதியில் செய்தித்தாள்கள் தவழத் தொடங்கிய காலத்தில், அருகிலுள்ள சிற்றூரொன்றில் அவரே செய்தி திரட்டி, அவரே எழுத்துக் கோத்து, அச்சிட்டு, வீடுவீடாகக் கொடுத்தும் வந்தார். அவரைப் பற்றிய குறிப்பட்டைகள் பொது நூலகத்தில் ஓர் இழுப்பறை நிறைய இருந்தன.

தோல் பதனிடும் ஆலை ஓடையில் கழிவை விடுகிறது என எழுதியமைக்காக, ஆலையின் ஆட்கள் அவருடைய அச்சுப்பொறியை உடைத்தனர். அட்டையில் அந்நாள் 3/8. அடுத்த இதழ் 3/10. ஆகஸ்டு மூன்று, அக்டோபர் மூன்று எனக் கொண்டேன். பழைய இதழ்களின் படச்சுருளைக் காட்டும் கருவி அப்போது பழுதுபட்டிருந்தது. காத்திருக்க மனமின்றி எழுதி அனுப்பினேன். இதழ் வராத அவ்விரண்டு மாதங்களில் அவர் தெருவில் தலைகுனிந்து நடந்ததை, நேரில் கண்டவன்போல் ஒன்றரைப் பக்கம் வரைந்தேன். அப்பகுதியை மகளுக்கு இருமுறை படித்தும் காட்டினேன்.

கருவி சீரானதும் சுருளை ஓட்டினேன். இதழின் தலைப்பில் மார்ச் 10 என்றிருந்தது. இந்நாட்டார் மாதத்தை முன்னே எழுதுவர். காலாவதி நாளைத் தவறாகக் கொண்டு மகள் வீட்டில் நல்ல பாலைக் கொட்டிய பின்னும் நான் அதைக் கற்கவில்லை. இடைவெளி இரண்டே நாள்.

அவ்விதழின் முதற்பத்தி இவ்வாறு தொடங்கியது: ‘ஆலைக் கழிவு ஆறு நாள் விடப்பட்டதாகச் சென்ற வாரம் எழுதினோம். ஐந்து நாளே. ஏனையவை எழுதியவாறே நிற்கின்றன.’

மலரின் ஆசிரியர் ஒரு கணிப்பொறிப் பொறியாளர். அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பிழையைச் சொன்னேன்.

“அங்கிள், காப்பி எடுத்து பைண்டும் பண்ணியாச்சு. நாளைக்கு ஃபங்ஷன். அந்த ஆளே வந்து செக் பண்ணப் போறாரா?”

“வரமாட்டார். அதனால்தான் நாம் திருத்த வேண்டும்.”

“அந்த ரெண்டு மாசம்தான் கட்டுரையிலயே பெஸ்ட். என் வைஃப் படிச்சிட்டு அழுதுட்டாங்க.”

நான் தடுமாறினேன். என் எழுத்தைப் படித்து அதுவரை எவரும் அழுததில்லை. விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பின்னர் அம்முதற்பத்தியைத் தமிழில் சொன்னேன்.

“தன் மெஷினை உடைச்சவனுக்கா ஒரு நாளைக் குறைச்சாரு?”

“ஆம்.”

“சரி, ஸ்லிப் எழுதுங்க அங்கிள், ஒட்டிடலாம். பசை மட்டும் உங்க செலவு.”

மறுநாள் காலை விழா மண்டபத்தில் என் மகள், ஆசிரியர், அவர் மனைவி, நான் ஆகிய நால்வரும் ஒவ்வொரு மலரின் முதற்பக்கத்திலும் சீட்டு ஒட்டினோம். ‘இரண்டு மாதம் என்றது என் பிழை. இரண்டு நாளே. அதையொட்டிய ஒன்றரைப் பக்கமும் என் கற்பனை.’ ஏனையவை நிற்கின்றன என அவ்விதழாளரைப்போல் எழுத எனக்கு வாய்க்கவில்லை.

ஆசிரியரின் மனைவி சீட்டைப் படித்தார். “அப்ப நான் அழுததெல்லாம் வேஸ்டா, அங்கிள்?”

“மன்னியுங்கள் அம்மா.”

அவர் மீண்டும் படித்தார். “இருங்க. உடைச்ச ரெண்டாம் நாளே பேப்பர் வந்திருச்சா? மெஷினுக்கு எங்க போனார்?”

“பக்கத்து ஊர்த் தேவாலயத்துக்கு. அவ்விதழிலேயே எழுதியிருக்கிறார். அங்கே பாட்டுத்தாள் அடிக்கும் சிறிய கைப்பொறி ஒன்று இருந்தது. அதை மாட்டுவண்டியில் ஏற்றி...”

மூவரும் பசைக் கையோடு கேட்டுக்கொண்டு நின்றனர்.