குறிப்பு இங்கே, மெயில் எங்கே?

குற்றாலத்தில் லாட்ஜ் வரவேற்பில் இராத்திரி உட்காருகிறவனுக்குப் பேய் பயம் கிடையாது. யாருக்காக எழுதினோம் என்று தெரியாத குறிப்புதான் பயம். ரூம் கேட்டு மெயில் வரும். அதில் முக்கியமானதை மட்டும் மொபைலில் குறித்துக்கொள்வேன். ஆள் வந்து நிற்கையில் கேட்டது கிடைக்க வேண்டுமே. ஆனால் குறிப்பு ஓர் ஆப்பில், மெயில் இன்னோர் ஆப்பில். உங்கள் மொபைலிலும் இருக்கும், 'கட்டாயம், மறக்கக் கூடாது' என்று மட்டும் ஒரு குறிப்பு. எதை என்றுதான் இருக்காது.

விடியக்காலை எண்ணெய்

'எண்ணெய் தேய்க்கிறவர், விடியக்காலை' என்று குறித்திருந்தேன். யார் கேட்டது என்று குறிக்கவில்லை. சுரண்டையிலிருந்து வந்திருந்த ஏட்டையா தோளைப் பிடித்துக்கொண்டே படியேறியது ஞாபகம் வந்தது. அவராகத்தான் இருக்கும் என்று ஆளை அனுப்பிவிட்டேன். உண்மையில் கேட்டவர் மாடியில் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவரிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. பின்னாலேயே ஏட்டையா எண்ணெய் வழிய இறங்கி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நான் கூப்பிடலவே. ஆனா நல்ல கை. நாளைக்கும் அவரையே அனுப்பும்" என்றார்.

முதலாளியின் மொபைல்

அதற்குப் பிறகுதான் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, நானாகத் தட்டித் தட்டிப் படித்தேன். கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தால் மேலே அதற்கென்று ஒரு லிங்க் நிற்கிறது. அதை எடுத்துக் குறிப்பின் அடியில் ஒட்டிவிட்டால், தொட்டதும் அந்த மெயிலே வந்து நிற்கும். பெருமை தாங்காமல் முதலாளிக்கும் அப்படி லிங்க் ஒட்டிய குறிப்பு ஒன்று அனுப்பினேன். அந்த லிங்க், மெயில் திறந்திருக்கும் என் மொபைலில்தான் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் லிங்கோடு அனுப்பியவர் பெயரையும் மெயில் தலைப்பையும் சேர்த்தே எழுதுகிறேன் என்றால், அன்று அவர் போனில் கேட்டதுதான் காரணம்: "என்னவே இது, தொட்டா எங்கிட்டயே பாஸ்வேர்டு கேக்குது? லாட்ஜுக்கு ஓனர் நானா, நீரா?"

ஒரே ஒரு பிரிட்ஜ்

சாரல் நன்றாகப் பிடித்த ஒரு சனிக்கிழமை. எங்களிடம் பிரிட்ஜ் உள்ள ரூம் ஒன்றுதான். அது மட்டும் காலி. நாலு பையன்கள் பீர் ஜில்லென்று வேண்டும், வாடகை கூடவே தருகிறோம் என்று அதைக் கேட்டு நின்றார்கள். முதலாளி போனில், "இருட்டிட்டு. இனி எவன் வரப் போறான்? குடுத்துரும்" என்றார்.

என் குறிப்பில் 'பிரிட்ஜ் ரூம், கட்டாயம்' என்றிருந்தது. லிங்கைத் தொட்டேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு தகப்பன் எழுதிய மெயில் வந்தது. பள்ளிக்கூடம் படிக்கிற மகளுக்குச் சர்க்கரை, இன்சுலின் கெட்டுவிடாமல் வைக்க வேண்டும், வந்து சேர இருட்டிவிடும். அதை அப்படியே போனில் வாசித்தேன். "பயலுவள வேற லாட்ஜ் பாக்கச் சொல்லும்" என்றார் முதலாளி.

பையன்கள் போய் வெகுநேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். மருந்து வைத்திருந்த டப்பாவில் ஐஸ் எல்லாம் தண்ணீர். ரூமைத் திறந்துவிட்டதும் அந்த மனிதர் நேரே பிரிட்ஜுக்குள் கையை நுழைத்துக் குளிர்கிறதா என்று பார்த்தார். மருந்தை வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "மெயில படிச்சிருப்பாங்களா, படிச்சிருப்பாங்களான்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தாவ அண்ணாச்சி. இனி தூங்குவாவ."

எனக்கு இன்னமும் தூக்கம் சரியாக வருவதில்லைதான். ஆனால் அதற்குக் காரணம் மொபைல் குறிப்பு இல்லை என்பதே இந்த வயதில் பெரிய நிம்மதியாக இருக்கிறது.