மணவறையில் மாப்பிள்ளை கில்ட் உடுத்தச் சம்மதித்த எங்கள் அண்ணா

பருத்தித்துறையில் பிறந்து இத்தாலியின் பலெர்மோவில் கண்மூடிய எங்கள் அண்ணாவைப் பற்றி, அவருடைய தங்கை நான் எழுதுகிறேன். இங்கே வந்த புதிதில் அவர் சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் தோடம்பழம் பறித்தார். பிறகு பிரான்காச்சோவில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டு, கால் வீங்க வீங்க நின்று உழைத்தார். முன்கோபக்காரர்தான், ஆனாலும் ஊரிலிருந்து வந்திறங்கிய எத்தனையோ பேர் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்கும்வரை அவர் வீட்டில்தான் உண்டு உறங்கினார்கள்.

அண்ணாவுக்கு ஒரே மகள். படிக்க ஸ்கொட்லாந்து சென்றவள் அந்நாட்டவர் ஒருவரை விரும்பினாள். மாப்பிள்ளை தகப்பனை இழந்தவர். தகப்பனாரின் கில்ட்டை உடுத்தி மணவறையில் இருக்கலாமா என்று கேட்டார். கில்ட் என்பது அங்குள்ள ஆண்கள் இடுப்பில் சுற்றி முழங்காலளவில் உடுத்தும், கட்டம் போட்ட கம்பளி உடுப்பு. எங்கள் சனம் விடுமா? "மாப்பிள்ளை பாவாடையோடையோ தாலி கட்டப்போறார்?" என்று பலாறோச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் அதே கதைதான்.

அண்ணா மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து விசாரித்தார். மகள் மொழிபெயர்த்தாள். முன்னொரு போரில் தோற்ற பிறகு, ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஆண்கள் கில்ட் உடுத்தக் கூடாதென்று பிரித்தானிய அரசு பல ஆண்டுகள் தடை போட்டதாம். மீறியவர்களைச் சிறையில் அடைத்ததாம். தடை நீங்கியபின் கலியாணத்துக்கும் சாவுக்கும் அதுவே மரியாதையான உடுப்பாயிற்று. இன்ன கட்டம் இன்ன குடும்பத்துக்கு என்று வகுத்தது பெரும்பாலும் பின்னாளில்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"அப்ப இது விளையாட்டுச் சாமானில்லை. தேப்பன்ரை உடுப்பு. உடுக்கட்டும்," என்றார் அண்ணா.

"ஐயர் என்ன சொல்லுவாரோ?" என்றேன்.

"ஐயரோடை நான் கதைக்கிறன். நீ பலகாரத்தைப் பார்."

திருமணத்தன்று கில்ட்டைத் தானே இஸ்திரி போட்டு, தானே மாப்பிள்ளைக்கு உடுத்தியும் விட்டார் அண்ணா. சேலையில் பார்த்த பழக்கத்தில் கொய்யக மடிப்பை முன்னால் வைத்துவிட்டார்! அது பின்னால் இருக்க வேண்டியதாம். மாப்பிள்ளையின் தாயார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையோ, மாமா உடுத்திவிட்டதை மாற்ற மாட்டேன் என்று அப்படியே இருந்து தாலி கட்டினார்.

நோயில் கிடந்தபோது அண்ணா, "மருமகன்தான் எனக்குக் கொள்ளி வைக்கவேணும். தன்ரை உடுப்போடையே வைக்கட்டும்," என்றார். அவர் கண்மூடியதும் அதுவே வீட்டில் பெரிய பிணக்காயிற்று. வேட்டி கட்டாமல் கிரியையா என்றார்கள் உறவினர்கள். அப்பாவின் சொல்லை மீறுவதா என்று மகள் அழுதாள்.

விமானத்தால் வந்திறங்கிய மருமகன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, முறைப்படி என்னைச் சின்னம்மா என்று அழைக்கும் அவர், தான் பழகிய தமிழில் சொன்னார்:

"சின்னம்மா, மாமாவின்ரை வேட்டி ஒண்டு தாங்கோ. எனக்கு அவரும் அப்பா. அப்பாவின்ரை உடுப்பைத்தான் உடுப்பன்."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. வேட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணாவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், தினமும் வந்து பார்த்த சலவைக்கடைச் சிஞோரா அம்மா, சமைத்துத் தந்த அல்பெர்கேரியாப் பகுதி உறவுகள், கிரியைகளை நடத்திய ஐயர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாவுக்கு ஆண்பிள்ளை இல்லையே என்று காலமெல்லாம் கவலைப்பட்டவர்களுக்கும் நன்றி. இனிக் கவலைப்பட வேண்டாம். அவருக்குக் கொள்ளி வைத்தவர் அவருடைய மகன்.