லுவெல்லா மேடையேறிய சனிக்கிழமை

வாண்டா கோர்ஸ்கிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாடகம். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கிரீன்பாயிண்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தோதாக கண்ணாடிச் சட்டத்தை வளைத்துக் கொடுப்பாள். வேலை முடிந்ததும் ரயிலேறி, நாடக அரங்குகள் வரிசைகட்டி நிற்கும் பிராட்வேக்குப் போய்விடுவாள். ஐம்பத்தேழு வயதுப் பொம்பளை இப்படியா அலைவாள் என்று அவளுடைய தம்பி திட்டுவான். அவன் மட்டும் பேஸ்பால் பார்க்கக் கொட்டும் மழையில் நனைந்துகொண்டு உட்காரலாமாம்!

அந்த வசந்தத்தில் அவளைப் பிடித்து ஆட்டியது 'ஊறுகாய் ராணி' என்ற இசை நாடகம். புருஷன் செத்த மறுநாளே வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தொழிற்சாலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் ஒரு விதவையின் கதை. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். புளிப்பு தூக்கலாக இருக்கிறதாம். ஊறுகாய் புளிக்காமல் தேனாகவா இனிக்கும்? இந்த விமர்சகர்களுக்கு நாக்கே கிடையாது என்பது என் கட்சி.

ரசிகர்கள் விடவில்லை. கவுண்டர் திறப்பதற்கு முன்பே மலிவு டிக்கெட்டுக்கு வரிசை கட்டும் கூட்டம் ஒன்று உண்டு. மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காபி, ஓயாத வம்பு. வாண்டாவுக்கு உற்றார் உறவினர் எல்லாம் அந்த வரிசைதான். ஊறுகாய் ராணியை எத்தனை தடவை பார்த்தாள் என்பது அவளுக்கே மறந்துபோயிற்று.

ராணியாக நடித்தவள் தொலைக்காட்சியில் பேர் வாங்கிய கேண்டிஸ் ஹார்லோ. அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மேடையேற வேண்டியவள் லுவெல்லா பிரைஸ். அந்த வேலையைப் போல ஒரு கொடுமை கிடையாது. பாட்டெல்லாம் தெரியும், வசனமெல்லாம் தெரியும், உடுப்புகூடத் தைத்துத் தயாராகத் தொங்கும். ஆனால் தினமும் வந்து மாடி அறையில் உட்கார்ந்து கம்பளி பின்னிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேண்டிஸுக்கோ கல்லு மாதிரி உடம்பு. ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து, நடிகர்கள் வெளியே வரும் பக்கவாசலில் எல்லாரும் கேண்டிஸை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நழுவப் பார்த்த லுவெல்லாவிடம் வாண்டா நிகழ்ச்சிப் புத்தகத்தை நீட்டினாள்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நானா? ஆள் மாறிப்போச்சும்மா. நான் மேடைக்கே வரலியே."

"என்னைக்காவது வருவீங்கல்ல? அப்ப உங்ககிட்ட நெருங்க முடியாது. அதான் இப்பவே வாங்கி வெச்சுக்கறேன்."

லுவெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவர்கள்தான். லுவெல்லா அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவள். வாழ்க்கை முழுக்க அடுத்தவள் நடிக்கும் பாத்திரத்தை மனப்பாடம் செய்தே காலம் தள்ளியவள். ஒருமுறை ஆளில்லாத காபிக் கடையில், இரண்டாம் பாதியில் ராணி ஊறுகாய்க்கு ஊற்றும் காடியைப் பற்றிப் பாடும் காடிப் பாட்டை வாண்டாவுக்காக வாய்க்குள்ளேயே பாடிக் காட்டினாள். வாண்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தக் குரலை முழு வாத்தியங்களோடு மேடையில் கேட்டுவிட வேண்டும், அது போதும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை இடி விழுந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நாடகத்தை மூடுகிறார்களாம்.

அன்று மாலை அரங்க வாசலைப் பார்த்திருக்க வேண்டும்! ஆளுக்கொரு ஊறுகாய் ஜாடியோடு வந்து நின்றார்கள். தபால்காரர் ரேமண்ட், வரிசையில் வாண்டாவுக்கு எப்போதும் பின்னால் நிற்பவர், வெள்ளரிக்காய் வேஷத்தில் வந்திருந்தார். ஒருத்தி விசும்ப ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க? பாடுங்க! போறதுதான் போறோம், சத்தமாப் போவோம்!"

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தெருவிலேயே பாடித் தீர்த்தார்கள். டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்துத் தாளம் போட்டார்கள். கூத்து என்னவென்றால், மூடப்போகிறோம் என்றதும் அதுவரை எட்டிப்பார்க்காத ஜனமெல்லாம் முண்டியடித்து டிக்கெட் வாங்கிவிட்டது. வாண்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எப்படியோ ஒன்று கிடைத்தது.

"கேண்டிஸுக்கு ஒரு ஜலதோஷம் வரணும்னு வேண்டிக்கட்டுமா?" என்று லுவெல்லாவிடம் கேட்டாள்.

"வாயைக் கழுவுடி! அவ நல்ல பொண்ணு. எனக்குக் குடுத்து வைக்கலை, அவ்வளவுதான்."

சனிக்கிழமை முற்பகல். வாண்டா ஒரு கிழவரின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ரேமண்ட்.

"வாண்டா! கேண்டிஸுக்குத் தொண்டை கட்டிப்போச்சு! நாளைக்குப் பாடணுமேன்னு இன்னிக்கு மதிய ஆட்டத்துக்கு லீவு போட்டுட்டா. நம்ம லுவெல்லா ஏறுறா!"

வாண்டா ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், கிழவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள்.

ஆனால் அரங்கு நிறைந்துவிட்டது. நின்று பார்க்கும் இடம்கூட இல்லை. ஒரே ஒரு வழிதான். பெரிய நட்சத்திரம் வராவிட்டால், விருப்பமில்லாதவர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திரும்பி வரும் டிக்கெட், கவுண்டர் ஓரமாகக் காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி கிடைக்கும். வாண்டாதான் முதல் ஆள், அடுத்து ரேமண்ட்.

கேண்டிஸ் வரவில்லை என்ற அறிவிப்புப் பலகையை வைத்ததும் கூடமெங்கும் 'ச்சே' என்று முனகல். காத்திருந்த ரசிகர்கள் மட்டும் குதித்தார்கள். ஒஹாயோவிலிருந்து மனைவியோடு வந்த கேரி என்ற தடித்த ஆசாமி முதலில் கவுண்டருக்கு வந்தார்.

"டிவி பொண்ணைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தோம். யாரோ பேர் தெரியாத கிழவியை நிறுத்தறாங்க. பணத்தைத் திருப்பிக் குடுங்க."

டிக்கெட் வாண்டாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் அந்த வாய் சும்மா இருக்குமா?

"கிழவியா? யாரைப் பார்த்துக் கிழவின்றீங்க? லுவெல்லா பிரைஸ் சார் அவங்க! அவங்க பாட்டைக் கேக்காம ஊருக்குத் திரும்பினீங்கன்னா, சாகற வரைக்கும் அந்தக் குறை போகாது. இவ்வளவு தூரம் வந்தது இதுக்குத்தான்னு வெச்சுக்குங்களேன்! போங்க உள்ள!"

கேரி திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். மனைவி டார்லீன் சிரித்துவிட்டு அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

ரேமண்ட் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, மூளை கழண்டுபோச்சா? அவர் டிக்கெட்டைக் குடுத்தாதானே நீ உள்ள போக முடியும்!"

"தெரியும் ரேமண்ட். அதுக்காக அவளைக் கிழவின்னா விட்டுருவேனா?"

அடுத்து வந்தவர்களையாவது விட்டாளா? அதுவும் இல்லை. ஒருவர் பாக்கியில்லாமல் மல்லுக்கட்டி உள்ளே துரத்தினாள். கவுண்டரில் இருந்தவர் வாய்விட்டே சொன்னார்: "இந்தம்மாவை முதல்லயே வேலைக்கு வெச்சிருந்தா நாடகத்தை மூடவே வேண்டாமே!"

கதவைச் சாத்தினார்கள். ஒரு நாற்காலி காலியில்லை. வாண்டா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கையில் கிடைத்ததைக் கோட்டை விட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு முறை உள்ளிருந்து கைதட்டல் அதிரும்போதும் சட்டென்று நிமிர்ந்து, "கேட்டியா? கேட்டியா?" என்று ரேமண்டின் முழங்காலில் அடித்தாள்.

இடைவேளைக்குக் கதவு திறந்ததும் கேரி மூச்சிரைக்க வெளியே ஓடிவந்தார்.

"ஏம்மா, நீங்க சொன்னது பொய்!"

வாண்டா சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றாள்.

"நீங்க சொன்னதைவிட நல்லாப் பாடறா! இந்தாங்க, மீதியை நீங்க போய்ப் பாருங்க."

"நீங்க?"

"என் வீட்டம்மா உத்தரவு. வாசல்ல நின்ன அந்தப் பொம்பளையை உள்ள அனுப்பலைன்னா ராத்திரி ரூம் பக்கமே வராதீங்கன்னுட்டா. நான் இவரோட இங்கயே நிக்கறேன். இவர்கிட்ட ஊறுகாய் இருக்கு போலிருக்கே."

ரேமண்ட் ஜாடியைத் திறந்து நீட்டினார். வாண்டா டிக்கெட்டை வாங்கியதும் தெரியவில்லை, டார்லீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தெரியவில்லை.

திரை விலகியது. பச்சைக் கவுன் உடுத்தி, பீப்பாய்களுக்கு நடுவில் நின்றாள் லுவெல்லா. காடிப் பாட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அந்தக் குரல் ஏறியது, ஏறிக்கொண்டே போயிற்று. வயலின்கள் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தன. எங்கே வைத்திருந்தாள் இத்தனை வருஷமாக இவ்வளவையும்? எல்லாப் பாட்டுக்கும் உதடு அசைத்துக்கொண்டே இருக்கும் வாண்டா மூச்சுகூட விடாமல் கேட்டாள். சந்தோஷத்தில் கண்ணீர் தாடை வழியாக ஏப்ரனில் சொட்டியது.

பாட்டு முடிந்தது. 'ச்சே' என்று முனகிய ஜனம் அத்தனையும் எழுந்து நின்று கூரை பிய்ந்துவிடும்போலக் கத்தியது. நாடகத்தை மேற்கொண்டு நகர்த்த முடியவில்லை. லுவெல்லா வசனத்துக்கு வாயைத் திறப்பதும், கைதட்டலில் மூடிக்கொள்வதுமாக நின்றாள்.

டார்லீன் ஒரு கைக்குட்டையை எடுத்து வாண்டாவிடம் கொடுத்தாள்.

"யாரு, உங்க அக்காவா?"

"ஆமா," என்றாள் வாண்டா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "என் அக்காதான்."