நீட்டிய சொம்பு

“…அப்புறம் எங்க வூட்டுத் தண்ணி மட்டும் இன்னாண்ணா, விசமா?” என்றாள் சித்ரா. நீட்டிய சொம்பை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. “இது நாலாவது வாட்டி. ஒரு வாய் நனைக்க மாட்டேன்ற. ஒங்கண்ணன் நம்மள மதிக்கலியான்னு எங்க மாமியா கேக்கறாங்க.”

சித்ரா என் தங்கை. ஆலங்காயத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் மேலே மலையில், புதூர்நாட்டில் இருக்கிறேன். பலா மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரிவதில்லை. சக்கர நாற்காலி எல்லோர் கண்ணிலும் படுகிறது, விசாரிக்கிறார்கள். மூத்திரப் பையை யார் விசாரிப்பார்கள்?

மருத்துவமனையில் நர்சம்மா சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். “ஒங்க பை தண்ணிய புடிச்சி வெக்கும். ரொம்பிட்டா ஆளக் கூப்புடாது. நீங்கதான் மணி பாத்துப் போய்க் கேக்கணும்.”

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டரை (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) நானே செலுத்தி வடிக்க வேண்டும். பக்கத்துக் கட்டில் ஆட்டோக்காரர், “மணி பாத்து ஒண்ணுக்குப் போற சாதி நாமதான்யா” என்பார். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டோம்.

வீட்டில் சிரமமில்லை. வெளியே போனால்தான். ஒருமுறை ஜீப்பில் நனைந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து உட்கார்ந்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஊருக்குப் போவதென்றால் முதல்நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவேன். தங்கை வீடு ஒரே அறை. கழிவறை வாசலில் நாற்காலி நுழையாது. அதனால் அங்கே குழாயும் போட மாட்டேன். இதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் நினைத்திருப்பீர்கள்.

மூன்றாவது முறை போய்வந்த பிறகு குளிர்க் காய்ச்சல். சிறுநீர் ரத்த நிறத்தில் போனது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “தண்ணி குடிக்கலன்னா கிருமி தங்கும். பை ரொம்பி நின்னா சிறுநீர் மேல ஏறிக் கிட்னியக் கெடுக்கும். வலது பக்கம் கெட்டது கெட்டதுதாங்க. இடதையாவது காப்பாத்திக்குங்க.”

முன்பெல்லாம் காட்டில் பாறை ஓரம் நின்று, பனியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு வருவேன். அப்படி ஒன்று நடந்ததாகக்கூட மனசில் நிற்காது. இப்போது எனக்குக் காலை, மாலை இல்லை. நாலு மணி நேரம், அப்புறம் இன்னொரு நாலு மணி நேரம். என் உடம்பைப் பற்றி எனக்கே தெரியாததைச் சுவர்க் கடிகாரம் சொல்கிறது.

இந்த நாலாவது முறை என் தோள்பையில் குழாய் இருந்தது. ஆனாலும் சொம்பைப் பார்த்ததும் கை எழவில்லை.

“மதிக்காம இல்ல சித்ரா,” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்பில் நனைந்தது, குழாய், நாலு மணி நேரக் கணக்கு, வலது கிட்னி. தங்கையிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? தலை நிமிராமலேதான் சொன்னேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “மூணு வாட்டியும் ஒன்ன கறி தின்ன வெச்சி, காஞ்ச வாயோட அனுப்பினனே” என்றாள். மாமியாரையும் பிள்ளைகளையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கொடியிலிருந்த புடவையை உருவி, பீரோவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே கட்டினாள். உள்ளே ஒரு வாளியை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே வைத்த சொம்பை எடுத்து மறுபடியும் நீட்டினாள்.