நட்சத்திரம் தெரிய வேய்ந்த கூரை

அந்த நாளில் பழவேற்காட்டில் எபிரேய எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். இன்றைக்கு ஏரியில் என் தோணிகள் ஓடுகின்றன. என் வாய்வார்த்தையை நம்பித் தறிக்காரர்கள் துணி அனுப்புகிறார்கள். தமிழ் எழுத்தைத் துணிக்கட்டுகளின் மேல் போட்ட குறிகளைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் என்று போனது ஒன்றே ஒன்று, அதுவும் கொஞ்ச காலம். அந்தக் கொஞ்ச காலத்தையும் யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை.

ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்தெருவில் எங்கள் யூத வீடுகள் சில இருந்தன. அவற்றில் பெரியது ஒரு துணி வியாபாரியின் வீடு. அதன் மாடிதான் ஜெபக்கூடம்; கீழே முற்றத்தை ஒட்டி, பிள்ளைகளுக்கு எபிரேயப் பள்ளி. செலவெல்லாம் அந்த வியாபாரியுடையது. என் நைனா பவளம் விற்கப் போன ஊரில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அந்த வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். வாத்தியார் கொச்சிக்காரர். கொச்சியில் பெண்பிள்ளைகளும் படிப்பார்களாம். அதனால் அம்மா கேட்டதும் என்னையும் பாயில் உட்காரவைத்தார்.

முதல் நாள் பலகையில் முதலெழுத்தை எழுதி, அதன்மேல் பனைவெல்லப் பாகைத் தடவி நக்கச் சொன்னார். படிப்பு இனிக்க வேண்டுமாம். மற்ற பிள்ளைகள் நாக்கு நுனியால் தொட்டார்கள். நான் பலகையைக் கழுவிவைத்ததுபோல் ஆக்கிக் கொடுத்தேன்.

"இவளை விட்டால் வேதம் முழுவதையும் தின்றுவிடுவாள்," என்றார் வாத்தியார்.

அப்படியே தின்றேன். காலையில் வலமிருந்து இடமாக எழுத்துக் கூட்டல். வெயில் ஏறியதும் துதிப்பாட்டுகளை ராகம் போட்டு எல்லோரும் சேர்ந்து பாடுவோம். வெள்ளிக்கிழமை அந்தியில் ஏற்றும் ஓய்வுநாள் விளக்குக்குத் திரி திரிப்போம். சில நாள் வாத்தியார் எங்களைப் படகுத்துறைக்கே கூட்டிப்போய், எந்த மீனை நாங்கள் சாப்பிடலாம் என்று கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். செதிளும் செட்டையும் இருந்தால் நமக்கு ஆகும். இறாலும் நண்டும் ஆகாது. செதிளுள்ள மடவையையும் செதிளில்லாத கெளுத்தியையும் தூரத்தில் இருந்தே நான் பிரித்துச் சொல்வேன். மீன்காரிகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

"பழவேற்காட்டுல பொறந்துட்டு இறால் துன்ன மாட்டாங்களாம். இன்னா ஜென்மமோ!"

எனக்குப் பத்து வயது தாண்டியதும் வியாபாரி, "பெண்ணுக்கு இவ்வளவு போதும், அடுப்படிக்கு ஆள் வேண்டும்," என்று சொல்லிவிட்டார். வாத்தியார் விடவில்லை.

"கூடாரப் பண்டிகை முதல் நாள் சாயங்காலம், கூடாரத்தில் பெரியவர்கள் முன்னால் படிக்கட்டும். பக்கத்தை நீங்களே திறந்து காட்டுங்கள். ஒரு இடத்தில் நின்றாலும் அனுப்பிவிடுங்கள்."

வியாபாரி ஒப்புக்கொண்டார். அந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான் வாக்கு.

எங்கள் முன்னோர் பாலைவனத்தில் குடிசையில் இருந்தார்கள் என்பதை நினைத்து, அந்தப் பண்டிகையில் முற்றத்தில் கூடாரம் போட்டு அதில்தான் சாப்பிடுவோம். போடுவது பள்ளிப் பிள்ளைகள் வேலை. அந்த வருஷம் மூங்கில் நட்டு, பனையோலையோடு நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை, அம்மாவுக்கு மீன் கொண்டுவரும், ஏரிக்கரைத் தோணிரேவுக் குப்பத்து மாமா பார்த்துவிட்டார். கூரை வேய்வதில் அவருக்கு நல்ல பேர்.

"தள்ளுங்க புள்ளைங்களா. ஐப்பசி மழ வாசல்ல நிக்குது, இது இன்னா கூர?"

அடுக்கு மேல் அடுக்காக வேய்ந்து, நார் போட்டு இறுக்கிவிட்டுப் போனார். நாங்கள் எலுமிச்சம்பழமும் கிளிஞ்சல் சரமும் கட்டித் தொங்கவிட்டு அழகு பார்த்தோம்.

மதியம் சாய்ந்தபின் வாத்தியார் உள்ளே குனிந்து வந்தார். அண்ணாந்தார். அப்படியே மல்லாந்து தரையில் படுத்தார்.

"எல்லோரும் படுங்கள். வானம் தெரிகிறதா?"

ஒரு ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை.

"மழை இறங்காதபடி வேய்ந்தால் அது வீடு. கூடாரத்தில் இரவு நட்சத்திரம் தெரிய வேண்டும். இது செல்லாது. சூரியன் விழுந்தால் பண்டிகை தொடங்கிவிடும், அப்புறம் எந்த வேலையும் செய்யக்கூடாது."

கூடாரம் இல்லையென்றால் நான் படிப்பதும் இல்லை. படகுத்துறைக்கு ஓடினேன். மாமா வலை உதறிக்கொண்டிருந்தார்.

"மாமா, கூரயப் பிரிக்கணும்."

"இன்னாது? ஒழுவுதா?"

"ஒழுவல. அதான் தப்பு."

"ஒழுவாதது தப்பா? இன்னா பொண்ணே, வெயில்ல கெடந்தியா?"

"உள்ள இருந்து பாத்தா நட்சத்திரம் தெரியணுமாம்."

"நட்சத்திரம் பாக்கணும்னா வெளிய வந்து பாக்கறது! நான் வேஞ்ச கூரயில பொத்தல்னு தோணிரேவே சிரிக்கும். நான் தொடமாட்டேன்."

"நீ தொட வேணாம் மாமா. நான் ஏறிப் பிரிக்கறேன். யார் கேட்டாலும் பொத்தல் போட்டது அந்தப் பொண்ணுனு சொல்லிக்க."

"நீ வுழுந்து வச்சா உங்கம்மாவுக்கு எவன் பதில் சொல்றது?" என்று முனகிக்கொண்டே பின்னால் வந்தார்.

நான் ஏறினேன். அவர் கீழே மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். நாலு ஓலை பிய்த்திருப்பேன். அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அய்யய்ய, ஓலையக் கொல்றியே! எறங்கு மொதல்ல!"

அவரே ஏறினார். வாத்தியார் மல்லாந்தபடி, "இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்," என்று கை காட்ட, மாமா திட்டிக்கொண்டே பிரித்தார். கடைசி ஓலையோடு அவர் குதித்தபோது சூரியன் ஏரியைத் தொட்டிருந்தது.

பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வியாபாரி புத்தகத்தைப் புரட்டி நீளமான ஒரு துதிப்பாட்டைக் காட்டினார். தொங்குவிளக்கின் கீழே நின்று படிக்க ஆரம்பித்தேன். பாதி தாண்டியிருக்கும், கடல் பக்கமிருந்து மழை வந்தது. மாமா வைத்த இடைவெளியெல்லாம் வழியாகப் பொத்துக்கொண்டு ஊற்றியது. விளக்கு அணைந்தது. புத்தகம் நனையாமல் வாத்தியார் பிடுங்கி அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

"மழை பெய்தால் உள்ளே போகலாம், அதுதான் சட்டம். எழுந்திருங்கள்," என்றார் வியாபாரி.

நின்றால் அடுப்படி. நான் நிற்கவில்லை. புத்தகம் எதற்கு? அந்தப் பாட்டு மட்டுமா, எல்லாப் பாட்டும் என் வாயில் இருந்தது. இருட்டில், மழையில், ராகம் பிசகாமல் மேலே பாடிக்கொண்டு போனேன். கடவுளைத் துதிக்கும் பாட்டின் நடுவில் எழுந்துபோக முடியாமல் வியாபாரி மறுபடி உட்கார்ந்தார். முடித்துவிட்டுத்தான் மூச்சுவிட்டேன். உள்ளிருந்து அம்மா விளக்கு கொண்டுவந்தபோது வியாபாரியின் தலைப்பாகைச் சாயம் தாடியில் இறங்கியிருந்தது.

"பாயில் அவள் இடம் இருக்கட்டும்," என்றார். "ஆனால் கூரையை இப்படிப் பிய்த்தது யார்?"

"நான்தான் சாமி!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா குரல் கொடுத்தார். "நட்சத்திரம் வேணும்னு கேட்டது உங்க வாத்தியாரு!"

அடுத்த வருஷம் யாரும் கூப்பிடாமலே மாமா ஓலைக்கட்டோடு வந்து நின்றார். தெருவுக்கே கேட்கும்படி கூரை மேலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

"நெருக்கமா எவன் வேணாலும் வேய்வான். நட்சத்திரம் தெரியற மாதிரி வேயச் சொல்லு பாப்போம்!"

கீழே மல்லாந்து படுத்து, "இங்க இன்னும் கொஞ்சம் மாமா," என்று கை காட்டிக்கொண்டிருந்தது நான்.