மூன்றாம் முறையும் நின்ற கடிகாரம்

கடையில் அவளை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மறந்துபோய் அப்படியே பஸ் ஏறிவிடுகிற ஆள். "அந்த நெத்திக்கண்ணக் கழட்டி வச்சுட்டு சாப்பிட வா, பயமா இருக்கு" என்பான் கணவன். விலை உயர்ந்த கடிகாரங்களைப் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, மறுபடி பூட்டுவது அவள் வேலை. இத்தனை வருடத்தில் அவளைத் தூங்கவிடாமல் அடித்த கடிகாரம் ஒன்றே ஒன்றுதான்.

அது ஒரு கட்டட கான்ட்ராக்டருடையது. தினமும் சாவி கொடுக்கத் தேவையில்லாத வகை. கட்டிக்கொண்டு கையை வீசி நடந்தாலே உள்ளேயுள்ள தகடு ஆடி, தானாக முறுக்கேறிக்கொள்ளும். சர்வீஸ் முடிந்து போன வேகத்தில் நின்றுபோய்த் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தவளுக்குத் தலை குனிந்தது. நிமிட முள்ளைப் பொருத்தும்போது கூடுதலாக அழுத்தியிருக்கிறாள். அது மணி முள்ளை உரசியிருக்கிறது. ஒளிக்காமல் மேனேஜரிடம் சொல்லிச் சரிசெய்து, மன்னிப்பும் கேட்டாள்.

சில வாரத்தில் மறுபடி நின்றது. இந்த முறை ஒரு குறையும் அகப்படவில்லை. ஆனாலும் முழுக்கப் பிரித்து முதலிலிருந்து பூட்டினாள். மேசையில், கடிகாரத்தை ஆட்டிச் சோதிக்கும் கருவியில், பிசகாமல் ஓடியது. அவர் கைக்குப் போனது, நின்றது. மூன்றாம் முறை வந்தபோது அவர் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்திருந்தவர்கள் மெல்ல நழுவினார்கள்.

"உள்ள இருந்த நல்ல பார்ட்ட உருவிட்டு டூப்ளிகேட்டப் போட்டுட்டீங்களா?"

மேனேஜர் அவளைத் தனியாக அழைத்தான்.

"மொதல்ல உங்க தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க அக்கா. இப்ப இல்லன்னா யாரு நம்புவா? இன்னொரு புகார் வந்துச்சுன்னா உங்கள பேட்டரி மாத்துற கவுன்ட்டருக்குத்தான் அனுப்பணும்."

அவனிடம் கேட்டுக்கொண்டு கடிகாரத்தைத் தன் கையிலேயே கட்டிப் பார்த்தாள். ஓடியது. என் கையில் ஓடுவது அவர் கையில் மட்டும் ஏன் நிற்கிறது?

கான்ட்ராக்டர் மகளோடு கடிகாரத்தைத் திரும்ப வாங்க வந்த அன்று, அவள் வேலை அறைக் கதவோரம் நின்று அவர் உள்ளே வருவதைக் கவனித்தாள். வலது கை வீசியது. கடிகாரம் கட்டும் இடது கை இடுப்போடு வைத்துத் தைத்ததுபோல் தொங்கியது. அவளுக்குத் திக்கென்றது.

"சார், தப்பா நினைக்காதீங்க. வாசல் வரைக்கும் ஒருதடவ நடந்து காட்டுறீங்களா?"

"ஏன், எனக்கு நடக்கத் தெரியலயா?" விருட்டென்று நடந்து திரும்பினார். பார்த்துக்கொண்டிருந்த மகளின் முகம் மாறியது.

"இடது கை வீசவே இல்ல சார். கை ஆடலன்னா வாட்ச்சுக்கு முறுக்கு ஏறாது. நான் டாக்டர் இல்ல. ஆனா ஒருதடவ காட்டிடுங்க."

"வாட்ச்ச சரிபண்ணத் துப்பில்ல, என்னையே ரிப்பேருங்கறியா!"

"அப்பா, இப்பல்லாம் நீங்க சட்ட பட்டன் போடவே..."

"நீ வாய மூடு!" கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

மறுநாளே புகார் வந்தது. அவள் பேட்டரி கவுன்ட்டரில் உட்கார்ந்தாள். இடம் மாறியதைவிட, பெரிய வார்த்தையை விட்டுவிட்டோமோ என்ற பயம்தான் அவளை அரித்தது. ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் எந்த முகத்தோடு நிற்பது? ஏதாவது இருந்துவிட்டால்? இரண்டில் எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை.

மகள்தான் ஒருநாள் தேடிவந்தாள்.

"நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம்க்கா. நடுக்கம் வர்ற வியாதியோட ஆரம்பமாம். முழுசா குணமாகாது, மாத்திரையில ரொம்ப வருஷம் ஓட்டலாம்னாரு." வாசல் பக்கம் கை காட்டினாள். "அப்பா கார்ல இருக்காரு. உள்ள வரக் கூச்சப்படுறாரு."

அவள் எழுந்து வெளியே போனாள். கார்க் கண்ணாடி இறங்கியது. கடிகாரத்தை நீட்டியவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுக்கு கையாலயே சாவி குடுக்க முடியுமாமே. எப்படின்னு காட்டும்மா."

கடிகாரத்தின் பக்கவாட்டில் இருந்த குமிழை மெல்ல முன்னோக்கிச் சுற்றிக் காட்டினாள். அவர் வாங்கிச் சுற்றினார். விரல் வழுக்கியது. மகள் உதவக் கையை நீட்ட, தலையசைத்து மறுத்துவிட்டு மறுபடி சுற்றினார். வினாடி முள் நகர்ந்தது.

"அன்னிக்குக் கண்டபடி பேசிட்டேன்."

"பரவாயில்ல சார். காலையில எழுந்ததும் சாவி குடுத்துடுங்க."

புகாரை அவரே திரும்பப் பெற்றார். பழைய மேசை அவளுக்குத் திரும்பக் கிடைக்க மட்டும் இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.